கடன் சிறை வாசலில் வளர்ந்த சார்லஸ் டிக்கன்ஸ்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத் துணைப்பாடமாக "ஆலிவர் டுவிஸ்ட்" அல்லது "டேவிட் காப்பர்ஃபீல்டு" கதையின் சுருக்கத்தைப் படித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தக் கதைகளை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ், 12 வயதில் பூட்ஸ் பாலீஷ் கம்பெனியில் வாரக்கூலிக்கு லேபிள் ஒட்டிய பையன். அவர் உயிரோடு இருந்தவரை இது அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாது.

பின்னாளில் அவர் எந்த வேலையைப் பிடித்தார், எதை விட்டார், எந்தப் பணத்தை வேண்டாம் என்றார், எந்தப் பணத்துக்காக உடம்பை வருத்திக்கொண்டார் என்று பார்த்தால், ஒவ்வொன்றும் அந்த பாலீஷ் கம்பெனியில் போய் நிற்கிறது.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளை

டிக்கன்ஸ் 1812-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. மூத்தவள் ஃபேனி.

தகப்பனார் ஜான் டிக்கன்ஸ், கடற்படைச் சம்பளப் பட்டுவாடா அலுவலகத்தில் குமாஸ்தா. சர்க்கார் உத்தியோகம். 1820-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 350 பவுண்டுக்குக் குறையாத சம்பளம். ஒரு குடும்பம் கவுரவமாகச் சாப்பிட்டு, வேலைக்காரியும் வைத்துக்கொள்ளப் போதுமான பணம் அது.

ஆனால் ஜான் கைக்குப் பணம் நிற்காது. அவருடைய பெற்றோர் ஒரு செல்வந்தரின் மாளிகையில் ஊழியம் பார்த்தவர்கள். மாளிகை வாழ்க்கையை அருகில் இருந்து பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அவருக்கு நல்ல உடுப்பு, விருந்து, நாலு பேர் மதிக்கும் பேச்சு எல்லாம் வேண்டியிருந்தது. வேலையில் சுறுசுறுப்பானவர். பிள்ளைகளிடம் பாசமானவர். வரவுக்கு மேலே செலவு, செலவுக்கு மேலே கடன் என்பதுதான் அவருடைய கணக்கு.

தாய் எலிசபெத்தின் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. அவருடைய தகப்பனார் சார்லஸ் பாரோ அதே அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 5 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கையாடல் செய்தது 1810-ம் ஆண்டு வெளியே வந்ததும் ஊரைவிட்டே ஓடிப்போனார். ஆக, பேரன் பிறப்பதற்கு முன்பே பணத்தால் ஒரு தலைகுனிவு அந்த வீட்டுக்குள் வந்திருந்தது.

1817-ல் ஜானுக்கு சாத்தம் என்ற ஊருக்கு மாற்றல். அங்கே கழிந்த ஐந்து ஆண்டுகள்தான் சார்லசின் பிள்ளைப் பருவத்தில் நல்ல காலம். அப்பாவும் மகனும் நடந்து போகும்போது "காட்ஸ் ஹில்" என்ற மேட்டில் ஒரு பெரிய வீட்டைப் பார்ப்பார்கள். கஷ்டப்பட்டு உழைத்தால் ஒருநாள் இப்படி ஒரு வீட்டில் நீ குடியிருக்கலாம் என்று அப்பா சொல்வார். சொன்னவரோ கடனில் இருந்தார்.

விற்றுப்போன புத்தகங்கள்

1822-ல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. சம்பளம் குறைந்தது, கடன் குறையவில்லை. ஃபேனிக்கு சங்கீதப் பள்ளியில் இடம் கிடைத்து, ஆண்டுக்கு 38 கினி கட்டணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். (ஒரு கினி என்பது 21 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) சார்லசைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவன் அப்பாவின் பூட்சைத் துடைத்துக்கொண்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தான்.

தாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய வீடாக வாடகைக்குப் பிடித்து, வாசலில் பித்தளைப் பலகை மாட்டி, பள்ளிக்கூடம் நடத்துவதாக அறிவித்தார். சார்லஸ் வீடு வீடாக விளம்பரத் தாள் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு மாணவர்கூட வரவில்லை. கடன்காரர்கள்தான் வந்தார்கள்.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின. முதலில் போனவை புத்தகங்கள். அவற்றைக் கடைக்குச் சுமந்து போனவனும் சார்லஸ்தான்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு சிறுவன்

உறவினர் ஒருவர் பூட்ஸ் பாலீஷ் கம்பெனியில் இருந்தார். பையனை அனுப்புங்கள், வாரம் 6 ஷில்லிங் தருகிறேன் என்றார். பெற்றோர் உடனே சரி என்றார்கள். 1824 பிப்ரவரியில், 12 வயது முடிந்த கையோடு, சார்லஸ் வேலைக்குப் போனான்.

தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பழைய இடிந்த கட்டடம். எலிகள் ஓடும். பாலீஷ் டப்பாவின் வாயை எண்ணெய்க் காகிதத்தால் மூடி, அதன்மேல் நீலக் காகிதம் வைத்து, நூல் கட்டி, ஓரத்தைச் சீராகக் கத்தரித்து, லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 10 மணி நேரம். கம்பெனியே போலி கம்பெனி மாதிரிதான். "வாரன்" என்று பெயர்போன பாலீஷ் கம்பெனியின் விலாசம் ஸ்ட்ராண்டு வீதி 30-ம் எண். இவர்களும் வாரன் என்ற பெயரில், ஹங்கர்போர்டு படித்துறை 30-ம் எண்ணில் இருந்துகொண்டு, 30, ஸ்ட்ராண்டு என்ற எழுத்துக்களைப் பெரிதாகவும் நடுவில் உள்ளதைப் பொடியாகவும் அச்சிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில், பிப்ரவரி 20-ந் தேதி அப்பா கைதானார். ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண்டு பாக்கி. அக்காலத்தில் இங்கிலாந்தில் கடனைக் கட்டாதவரை, கட்டும்வரை சிறையில் வைப்பார்கள். ஜான் போன சிறையின் பெயர் மார்ஷல்சீ. சிறிது நாளில் தாயும் சிறுபிள்ளைகளும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அந்தச் சிறைக்குள்ளேயே குடிபோனார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. சார்லஸ் மட்டும் வெளியே ஒண்டுக்குடித்தனம். பிறகு சிறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்தது. காலையில் சிறைக்குப் போய்ப் பலகாரம், பகலில் கம்பெனி, இரவில் சிறைக்குள் சாப்பாடு, கதவு பூட்டுமுன் அறைக்குத் திரும்புதல்.

வாரக்கூலி 6 ஷில்லிங்கை அவன் ஆறு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் கிழமையை எழுதி, இழுப்பறையில் வைப்பானாம். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தை நாள் கணக்குப் போட்டுச் செலவு செய்கிறவர்களுக்கு அந்தப் பொட்டலங்களின் கனம் தெரியும். அப்படியும் வழியில் பலகாரக்கடையைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக் காசைக் காலையிலேயே தின்றுவிடும் நாட்கள் உண்டு. 12 வயதுதானே.

ஒருநாள் வலி வந்து சுருண்டபோது, பாப் ஃபேகின் என்ற சக தொழிலாளப் பையன் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து ஒத்தடம் கொடுத்தான். மாலையில் வீடுவரை கொண்டுபோய் விடுகிறேன் என்று கூடவே வந்தான். சிறையைக் காட்ட மனமில்லாத சார்லஸ், யாரோ ஒருவர் வீட்டுப் படியேறி இதுதான் எங்கள் வீடு என்று நடித்து அவனை அனுப்பிவைத்தான். உதவி செய்த அந்தப் பையனின் பெயரைத்தான் பிற்காலத்தில் "ஆலிவர் டுவிஸ்ட்" கதையில் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் வில்லனுக்கு வைத்தார். நன்றி மறந்த காரியம்தான். ஆனால், நல்லவனாக இருந்தாலும் அவனோடு அங்கேயே தங்கிவிடுவோமோ என்ற பயம் சார்லசுக்கு இருந்தது. அந்தப் பயத்துக்குத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடனாளியை விடுவிக்க ஒரு சட்டம் இருந்தது. அதன்படி குடும்பத்தாரின் உடுப்பும் உடைமையும் 20 பவுண்டுக்கு மேல் பெறக்கூடாது. அதற்காகச் சார்லசும் மதிப்பீட்டு அதிகாரி முன்னால் போய் நிற்கவேண்டி வந்தது. பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் கடிகாரம் சட்டைப்பையில் டிக் டிக் என்று சத்தம் போட, அது அதிகாரி காதில் விழுந்துவிடுமோ என்று நடுங்கினான். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மே 28-ந் தேதி ஜான் விடுதலையானார். சார்லஸ் விடுதலையாகவில்லை. கம்பெனி கோவெண்ட் கார்டன் பகுதிக்கு இடம் மாறியிருந்தது. வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவன் கைவேகத்தைப் பார்க்கத் தெருவில் கூட்டம் நிற்கும். ஒருநாள் அப்பாவே உள்ளே வந்தபோது, எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாரோ என்று மகன் நினைத்தான்.

பிறகு அப்பாவுக்கும் அந்த உறவினருக்கும் தகராறு வந்து வேலை போயிற்று. மறுநாளே தாய் போய்ச் சமாதானம் பேசி, பையனை மீண்டும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அப்பா சம்மதிக்கவில்லை, பள்ளிக்கு அனுப்பினார். தாயை இதற்காகச் சார்லஸ் கடைசிவரை மன்னிக்கவில்லை. வீட்டில் இத்தனை வாய்கள் இருக்கும்போது அந்தத் தாய் 6 ஷில்லிங்கை எப்படி விடுவார் என்று நாம் கேட்கலாம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சுருக்கெழுத்து கொடுத்த சோறு

பள்ளிப்படிப்பு 1827 வரைதான். வாடகை பாக்கிக்காகக் குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. 15 வயதில் சார்லஸ் வக்கீல்கள் அலுவலகத்தில் இளநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேசை வேலை, கவுரவமான இடம். அங்கேயே இருந்து மெல்ல மேலே போகலாம். ஆனால் அவர் அக்கம்பக்கத்தைக் கவனித்தார். தலை நரைத்த குமாஸ்தாக்கள் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். தம் தகப்பனாரும் ஒரு குமாஸ்தாதானே!

யாரும் பறித்துக்கொள்ள முடியாத, கையோடு இருக்கிற தொழில் ஒன்று வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது சுருக்கெழுத்து. குர்னி என்பவரின் முறை. மகா கடினம் என்று பெயர். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அலுவலகம் முடிந்த பிறகு தானே கற்றார். கோர்ட்டு நடவடிக்கைகளைக் குறிப்பெடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். 20 வயதுக்குள் பார்லிமெண்ட் நிருபர் ஆனார். 1834-ல் "மார்னிங் கிரானிக்கிள்" பத்திரிகையில் வாரம் 5 கினி சம்பளம். குதிரை வண்டி ஓட ஓட, முழங்காலில் தாளை வைத்து, மங்கிய விளக்கொளியில் பேச்சுக்களை எழுதி லண்டனுக்கு விரைவார். வேகத்திலும் பிழையின்மையிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தார்.

அதே ஆண்டு நவம்பரில் அப்பா மறுபடியும் கடனுக்காகக் கைதானார். இந்தத் தடவை பணம் கட்டி மீட்டவர் மகன்.

வேலையை விடாமல் எழுத்து

இதற்கிடையில் கதை எழுத ஆரம்பித்திருந்தார். 1833 டிசம்பரில் வெளியான முதல் கதைக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. பிறகு தம் பத்திரிகை முதலாளிகளிடமே பேசி, மாலைப் பதிப்புக்கு எழுதும் சித்திரங்களுக்காகச் சம்பளத்தை 7 கினியாக உயர்த்திக்கொண்டார்.

1836 மார்ச் 31-ந் தேதி "பிக்விக் பேப்பர்ஸ்" முதல் மாத இதழ் வந்தது. மாதம் சுமார் 14 பவுண்டு என்று பேச்சு. அதை நம்பி, இரண்டு நாள் கழித்து கேதரின் ஹோகார்த்தைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் நிருபர் வேலையை விடவில்லை. இதழ்கள் ஆயிரக்கணக்கில் விற்க ஆரம்பித்து, இன்னொரு பதிப்பாளர் பத்திரிகை ஆசிரியர் பொறுப்பும் மாதச் சம்பளமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே, நவம்பரில் ராஜினாமா செய்தார்.

மாதத் தவணை நாவல் என்ற முறை அவர் கைக்கு வந்தபின் பெரும் வியாபாரமாயிற்று. அப்போது ஒரு நாவல் மூன்று பாகமாக 31 ஷில்லிங் 6 பென்சுக்கு விற்றது. ஒரு குமாஸ்தா அதை வாங்க முடியாது. மாதம் ஒரு ஷில்லிங் என்றால் முடியும். "பிக்விக்" கடைசியில் மாதம் 40 ஆயிரம் பிரதி விற்றது. படிப்பவருக்குத் தவணை, எழுதுகிறவருக்கு மாதாமாதம் வருமானம். சம்பளத் தேதி தவறிய வீட்டில் வளர்ந்தவர், ஆயுள் முழுவதும் தவணையாகவே எழுதியதில் வியப்பில்லை.

அந்த வயதில் அவருக்கு ஏமாற்றமும் வந்தது. முதல் புத்தகமான "ஸ்கெட்சஸ் பை பாஸ்" உரிமையைக் கையில் வந்தால் போதும் என்று 100 பவுண்டுக்கு விற்றுவிட்டார். பேர் வந்த பிறகு அதைத் திரும்பப் பெற, அவரும் புதிய பதிப்பாளர்களும் சேர்ந்து 2 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. "ஆலிவர் டுவிஸ்ட்" உரிமையை 1840-ல் மீட்க 2,250 பவுண்டு. அவசரத்துக்கு விற்ற நகையைப் பத்து மடங்கு கொடுத்து மீட்பது போன்ற கதை. அதன்பின் தம் எழுத்தின் உரிமையை அவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்பா மட்டும் மாறவே இல்லை. மகன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கினார். மகனின் கையெழுத்துத் தாள்களை விற்றார். 1839-ல் மகன் அவரை லண்டனைவிட்டுத் தொலைவில் ஒரு வீட்டில் குடிவைத்தார். அங்கிருந்தும் கடன். கடைசியில் 1841-ல், என் பெயரைச் சொல்லி வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல என்று பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்தார். 1851-ல் அப்பா இறந்தபோது மிச்சக் கடனையும் தீர்த்தார். "டேவிட் காப்பர்ஃபீல்டு" கதையில் வரும், கடனிலும் சிரிக்கிற மைகாபர் அந்த அப்பாவேதான். பிள்ளைக்குக் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது.

சொந்தப் பத்திரிகை

1843 டிசம்பரில் வந்த "கிறிஸ்துமஸ் கரோல்" சில நாட்களில் 6 ஆயிரம் பிரதி விற்றது. 1,000 பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். வண்ணப்படமும் நல்ல பைண்டிங்கும் லாபத்தைத் தின்றுவிட்டதில் வந்தது 230. அதைத் திருடிப் போட்டவர்கள்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிரிகள் திவாலாகிவிடவே, செலவு 700 பவுண்டு இவர் தலையில் விழுந்தது. மறு ஆண்டு பதிப்பாளரை மாற்றிவிட்டு, செலவு குறையும் என்று குடும்பத்தோடு இத்தாலியில் ஜெனோவாவில் போய் வசித்தார்.

1846-ல் தொடங்கிய "டோம்பி அண்டு சன்" நாவலுக்குப் பிறகு பணக்கஷ்டம் தீர்ந்தது. ஆனாலும் 1850-ல் "ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்" வார இதழைத் தொடங்கியபோது, ஆசிரியர் சம்பளம் ஆண்டுக்கு 500 பவுண்டோடு பாதிப் பங்கும் வேண்டும் என்று வாங்கினார். 1859-ல் கூட்டாளிகளோடு பிணங்கி "ஆல் தி இயர் ரவுண்ட்" தொடங்கினார். அதில் முக்கால் பங்கு அவருடையது. கூலிக்கு லேபிள் ஒட்டிய கை, லேபிளில் தன் பெயரையே போட்டுக்கொண்டது.

1856-ல், சிறுவயதில் அப்பா காட்டிய அதே காட்ஸ் ஹில் வீட்டை 1,790 பவுண்டுக்கு வாங்கினார்.

போதும் என்று தோன்றவில்லை

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் 1858 முதல் தம் கதைகளை மேடையில் படித்துக் காட்டிப் பணம் வாங்க ஆரம்பித்தார். எழுத்தாளர் மேடையேறிக் காசு வாங்குவது கவுரவக் குறைவு என்று நண்பர் ஃபார்ஸ்டர் தடுத்தார். கேட்கவில்லை. அதே ஆண்டு மனைவியைப் பிரிந்தார். அவருக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு கொடுக்கவேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒன்பது பேர். தாய், தம்பிகள் குடும்பம் எல்லாம் அவர் தலையில்தான்.

பிள்ளைகளையோ சிறு வயதிலேயே வேலைக்கு அனுப்பினார். வால்டர் என்ற மகன் 16 வயதில், 1857-ல் ராணுவ அதிகாரியாக நம் நாட்டுக்கு வந்தான். அவனும் தாத்தாவைப் போலக் கடன் வாங்கினான். 1863 டிசம்பர் 31-ந் தேதி கல்கத்தா ஆஸ்பத்திரியில் 22 வயதில் இறந்தான். செய்தி கப்பலில் போய்ச் சேர்ந்தது 1864 பிப்ரவரி 7-ந் தேதி, தகப்பனாரின் பிறந்தநாள் அன்று. அவன் கடன்களையும் அவர்தான் தீர்த்தார். அண்ணனைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு வங்காளத்துப் போலீஸ் வேலைக்குப் புறப்பட்ட இன்னொரு மகன் பிராங்க், வந்து இறங்கியபோது அண்ணன் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஆஸ்திரேலியா போனார்கள். கடைசிப் பையனுக்கு அப்போது 16 வயது. மூத்த மகன் 1868-ல் வியாபாரத்தில் திவாலானான். 12 வயதில் தன்னை வேலைக்கு அனுப்பியதை மன்னிக்காத மனிதர், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியது விசித்திரம்தான். அவர்களிடம் அவர் கண்டது தம் அப்பாவின் கையை.

1867-68-ல் அமெரிக்கா போய்ப் படித்து சுமார் 19 ஆயிரம் பவுண்டு கொண்டுவந்தார். கால் வீங்கியது, தூக்கம் போயிற்று, திரவ ஆகாரம்தான். திரும்பி வந்தும் நிறுத்தவில்லை. 1869 ஏப்ரலில் டாக்டர்கள் கட்டாயப்படுத்தி நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மறுபடி மேடையேறி, மார்ச்சில் விடைபெற்றார்.

கடைசி நாவல் "எட்வின் ட்ரூட்" ஒப்பந்தம் 7,500 பவுண்டுக்கு. கதை முடியுமுன் தான் இறந்தால் பதிப்பாளருக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று ஒரு ஷரத்தை அவரே கேட்டுச் சேர்த்தார். அதற்கு முன் எந்த ஒப்பந்தத்திலும் அப்படி அவர் கேட்டதில்லை. 12 பாகங்களில் 6 முடிந்த நிலையில், 1870 ஜூன் 9-ந் தேதி காட்ஸ் ஹில் வீட்டில் காலமானார். வயது 58. விட்டுச் சென்ற சொத்து 93 ஆயிரம் பவுண்டு. அதில் ஏறக்குறைய பாதி, மேடையில் படித்துச் சேர்த்தது.

அதற்கு முந்திய கிறிஸ்துமசின்போது, காட்ஸ் ஹில்லில் குடும்பத்தார் ஒரு ஞாபக விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் ஒரு பெயர் சொல்ல, அடுத்தவர் அதையும் சொல்லித் தன் பங்குக்கு ஒன்று சேர்க்கவேண்டும். டிக்கன்ஸ் எல்லாப் பெயர்களையும் ஒப்பித்துவிட்டு, கடைசியில் வாரன் பாலீஷ் கம்பெனியின் பெயரையும், 30, ஸ்ட்ராண்டு என்ற விலாசத்தையும் சொன்னார். அவர் கண்ணில் ஏதோ ஒரு விதமான பளபளப்பு இருந்ததை மகன் ஹென்றி கவனித்தான். யாருக்கும் அர்த்தம் புரியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பே நண்பர் ஃபார்ஸ்டரிடம் மட்டும் அவர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இறந்தபின், ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் பாகம் 1871-ம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. அதைப் படித்துத்தான் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள், அன்று இரவு அப்பா சொன்னது எந்த இடத்தின் விலாசம் என்று.